மயான மேட்டுக் கிணறு

— நாளைக்குக் காலையில லோரியில சிமெண்டு மூடி வருதுப்பா. கிணத்த மூட வர்றவங்ககிட்ட மறுபடியும் சண்டைக்கு நிக்காதீங்க.

— வரட்டும் விமலா. நான் நாற்காலி கொண்டுபோய் கிணத்துப் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்.

— இந்தத் தாமான் குடியிருப்புல வீட்டுக்குள்ளயே பைப் இருக்கு. இன்னும் எதுக்குப்பா வாளிய மோட்டர் சைக்கிள்ல மாட்டிக்கிட்டு எஸ்டேட்டுக் கிணத்துக்கு ஓடுறீங்க?

— பைப் தண்ணியில கோப்பி கலக்குனா மருந்து வாடைலா. வாயில வைக்க முடியல.

— ரெண்டு தடவ வயித்தால போயி சிரம்பான் ஆஸ்பத்திரியில கெடந்தீங்க. மூணாவது தடவ ஒடம்பு தாங்காதுன்னு டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு.

— டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க.

— நான் வேலை செய்யிற லேப்ல சோதிச்ச தண்ணிப்பா அது. குடிக்கவே கூடாது.

— நாங்கல்லாம் அதைக் குடிச்சுத்தானே வளந்தோம்? அப்போ யாருக்கு என்னா வந்துச்சு?

— அப்போ சுத்தி ரப்பர் மரம். மேட்டுல வருசத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேரைத்தான் பொதைச்சாங்க. இப்போ நம்ம பெடாஸ் ஊர்ல எங்க பாத்தாலும் தாமான். வேற எடம் இல்லாம எல்லாரையும் அங்கதான் கொண்டாந்து வைக்கிறாங்க. மரத்தையும் தள்ளியாச்சு. மழை பேஞ்சா மயானத்துத் தண்ணி மண்ணுக்குள்ள எறங்கி நேரா கிணத்துக்குத்தான் வருது.

— ஒங்கம்மாவ வரிசையில வைக்காம, கிணத்தோரமா வைக்கச் சொன்னது நான்தான்.

— தெரியும்பா. மாமாகூட வேணாம்னாராமே.

— அவனுக்கு என்னா தெரியும்? பால்மரம் வெட்டிப் பால் எடுத்துட்டு வந்த கையோட கொடத்தத் தூக்குவா. லயத்துலேருந்து அந்தக் கிணத்துக்கு அவ நடந்த நடை கொஞ்சமா? போன பொறவாவது தண்ணி பக்கத்துல இருக்கட்டும்னு வச்சேன்.

— அம்மாவ யாரும் தொடப் போறதில்லப்பா. கிணத்த மட்டுந்தான் மூடுறாங்க.

— அவ இருக்கற எடத்துலேருந்தும் கிணத்துக்கு எறங்குமா?

— அதெல்லாம் எதுக்குப்பா இப்போ.

— லேப்ல வேலை செய்யிற புள்ள நீ. சொல்லு.

— எறங்கும். கிணத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்கறதே அம்மாதான். சொன்னா நீங்க ஒடைஞ்சு போயிருவீங்கன்னு பயந்துதான் இத்தனை நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன்.

— மொத தடவ கிணத்துத் தண்ணிய சோதிக்க வந்தவனே இதை வெவரமா சொல்லிட்டான்மா. அன்னையிலேருந்துதான் எனக்கு வேற தண்ணி குடிக்க மனசு வரல.