பேர்ணடெற்றின்ர புடலங்காய்

இல்லைத் தம்பி, அது எங்கட பக்கம் இல்லை. எங்கட பக்கம் இந்தத் தண்ணித் தாங்கி வரைக்கும்தான். அங்கால கிடக்கிறதெல்லாம் நாலாம் மாடி பேர்ணடெற்றின்ர. தண்ணிக்குள்ள நுளம்புப் புழு நெளியுது எண்டியளே, அந்தத் தயிர்ச்சட்டியும் அவவின்ர ரோசாவுக்குப் பின்னாலதானே கிடக்குது. எழுதிக்கொள்ளுங்கோ. உங்களை மாதிரிச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஆக்கள் வந்து எழுதினாத்தான் இந்த வெள்ளவத்தைச் சனத்துக்கு உறைக்கும்.

ஓம், யோகநாதன் எண்டது என்ர மனுசன்தான். காய்ச்சல் தொடங்கி நேற்றையோட நாலு நாள். டெங்கு எண்டு ரத்தம் பாத்துச் சொல்லிப்போட்டினம். ஆசுப்பத்திரியில இருந்து பேர் வந்தபடியாத்தானே நீங்களும் இந்த வெயிலுக்குள்ள மொட்டை மாடியில வந்து நிக்கிறியள். காலமை பிளேட்லெற் முப்பத்தெட்டாயிரம். இன்னும் இறங்கினா ஐ.சி.யு.வுக்கு மாத்துவினமாம். பன்னிரண்டு மணிக்கு நான் அங்க நிக்கவேணும், கெதியாப் பாத்து முடிச்சுத் தாங்கோ.

என்ர சாடியளையும் பாருங்கோவன். ஒரு சொட்டுத் தண்ணி நிக்குதே? பத்து வருசமா வைச்சிருக்கிறன். வெண்டி, தக்காளி, செவ்வரத்தை. உது கத்தரி. ஓம், காய்க்கேல்லைத்தான். கடற்காத்துத் தம்பி, உப்புக் காத்து. இலை எல்லாம் கருகிப்போகும். கடல் இவ்வளவு கிட்ட இருக்க இஞ்ச ஒண்டும் வராது எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். பேந்து இவ வந்தா.

ரெண்டு வருசத்துக்கு முதல் கொட்டாஞ்சேனையில இருந்து வந்தவ. மனுசன் செத்துப்போக, மகளோட வந்தா. வந்து மூண்டாம் மாசம், முகத்துவாரத்தில இருக்கிற தம்பியாரிட்டச் சொல்லிப் பழைய மீன்வலை எடுப்பிச்சு, காத்து அடிக்கிற பக்கம் முழுக்க இழுத்துக் கட்டினா. அவ்வளவுதான் செய்தவ. பாவக்காய் வந்தது, புடலங்காய் வந்தது, கொச்சிக்காய் வந்தது. பச்சை மிளகாயைக் கொச்சிக்காய் எண்டுதான் சொல்லுவா, கேக்கேக்கயே எனக்கு எரிச்சல் வரும். அந்த நீலப் பீப்பாய்க்குள்ள பப்பாசி கூட நிக்குது பாருங்கோ. பீப்பாய்க்குள்ள பப்பாசி!

பொறாமையோ? ஓம், பொறாமைதான். அதில ஒளிக்க என்ன இருக்கு? அந்தப் புடலங்காயைப் பாருங்கோ, ஒரு ஆள் உயரத்துக்கு நேராத் தொங்குது. என்ரதில ஒண்டு வந்தா நாய் வால் மாதிரிச் சுருண்டு, பிஞ்சிலயே வெம்பி விழுந்திடும். எனக்கு இஞ்ச, நெஞ்சுக்குள்ள, பத்தி எரியும்.

சிரிக்கக்கூடாது, ஒண்டு சொல்லுறன். பிஞ்சைச் சுட்டுவிரலால காட்டினா அழுகிப்போகும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறவை. உங்கட பக்கமும் சொல்லுறவையோ? அதுதானே. காட்டுறதெண்டா விரலை மடக்கித்தான் காட்டுவம். நான் பின்னேரத்தில ஒருத்தரும் இல்லாத நேரமாப் பாத்து வந்து, அவவின்ர ஒவ்வொரு பிஞ்சையும் சுட்டுவிரலை நல்லா நீட்டி எண்ணினனான். ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு, ஒரு கிழமையா. ஒண்டும் அழுகேல்லை. இன்னும் கொழுத்துது. சேர்ச்சுக்குப் போற வேதக்காரற்ர கொடிக்கு உது பலிக்காதாக்கும்.

கேளுங்கோ, இனித்தான் கதையே இருக்கு. வெள்ளிக்கிழமையில நாங்க மீன், மச்சம் ஒண்டும் தொடாத ஆக்கள். ஒரு வெள்ளிக்கிழமை இவர் சாமிக்கு விளக்குக் கொளுத்தேக்க கையில மீன் வெடுக்கு. என்னப்பா இது எண்டு கேட்டன். கடற்கரையால நடந்து வந்தனான், அங்கத்தை மணம் எண்டார். நானும் நம்பினன், விசரி. அடுத்த கிழமை சாமிப் படத்தில சிவப்பு ரோசா. என்ர செவ்வரத்தை பூத்துக் கிடக்குது, இவர் ரோசா வைக்கிறார். வாங்கினனான் எண்டார். அதையும் நம்பினன்.

பேந்து ஒருநாள் அந்தப் புடலங்காயின்ர நுனியைப் பாத்தன். நேரா வளர்றதுக்குக் கல்லுக் கட்டித் தொங்க விடுறதுதானே. அந்தக் கல்லுக் கட்டியிருந்தது சிவப்பு நாடாவால. பைல் கட்டுற நாடா. இவர் முப்பத்துநாலு வருசம் கந்தோரில கிளாக்கா இருந்தவர். பென்சன் எடுக்கேக்க மிஞ்சின நாடாவை ஒரு பிஸ்கற் பேணிக்குள்ள சுத்தி வைச்சிருக்கிறார். ஊறுகாய்ப் போத்தலுக்குத் துணி கட்ட ஒரு துண்டு கேட்டாக்கூட எனக்குத் தரமாட்டார். முடிச்சும் இவரின்ரதான். ரெண்டு சுத்து, ஒரு பூமுடிச்சு, அதுக்கு மேல இன்னொரு முடிச்சு. கலியாணம் கட்டின நாளில இருந்து பாக்கிற முடிச்சு எனக்குத் தெரியாதே?

விடிய அஞ்சரைக்கு நடக்கப் போறன் எண்டு வெளிக்கிட்ட மனுசன் படியால கீழ இறங்கேல்லைத் தம்பி, மேல ஏறியிருக்கிறார். அவவின்ர கொடிக்கு மீன் கழுவின தண்ணி ஊத்த.

சீச்சீ, நீங்க நினைக்கிற மாதிரி ஒண்டும் இல்லை. இவருக்கு அறுபத்தெட்டு வயசு. அவவும் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. அப்பிடி ஏதும் இருந்திருந்தா எனக்குச் சுகம், கொண்டையைப் பிடிச்சு ரெண்டு கேள்வி கேட்டிருப்பன். பத்து வருசம் என்ர சாடியளுக்கு ஒரு வாளித் தண்ணி தூக்கித் தராத மனுசன். இடுப்பு நோகுது எண்டு சொன்ன மனுசன். அவவின்ர ரோசாவடியில குந்தியிருந்து களை பிடுங்கேக்க மட்டும் அந்த இடுப்பு நோகேல்லை. அதைத்தான் என்னால தாங்க ஏலாமல் போச்சு.

அண்டைக்கு நினைச்சனான், உவவின்ர சாடி ஒண்டும் இந்த மாடியில இருக்கக்கூடாது எண்டு. பக்கத்து ஒழுங்கையில ஒரு வீட்டில புழு இருந்ததெண்டு வழக்குப் போட்டு, எல்லாச் சாடியையும் இறக்க வைச்சவைதானே. இல்லை, எந்த வீடெண்டு எனக்குத் தெரியாது, கதைச்சவை.

என்ன? இல்லையில்லை, பேர்ணடெற் தயிர் தொடமாட்டா. அந்த மணமே அவவுக்கு ஒத்துக்கொள்ளாது. மகளும் அப்பிடித்தான். இந்த பில்டிங்கில நாங்கதான் கிழமைக்கு ஒரு சட்டி...

ஏன் தம்பி எழுதுறதை நிப்பாட்டிட்டியள்?

ஓம். என்ர சட்டிதான். நான்தான் தண்ணி விட்டுக் கொண்டுவந்து வைச்சனான். ஒரு மாசம் இருக்கும். புழு வரட்டும், வந்த உடன உங்கட கந்தோருக்குப் போன் அடிப்பம் எண்டு இருந்தனான். அதுக்குள்ள மாமியின்ர திவசம் வந்திட்டுது. வீடு கழுவல், சமையல், சனம். மறந்துபோனன். ஞாபகம் வரேக்க இவருக்குக் காய்ச்சல். அப்பவும் எடுத்து ஊத்தேல்லைத் தம்பி. எப்பிடியும் நீங்க வருவியள், அவவின்ர பக்கத்தில காணட்டும் எண்டு விட்டனான்.

விடியிற நேரம்தான் உந்த டெங்கு நுளம்பு கடிக்கிறது, என்ன? வரேக்க நீங்கதானே சொன்னியள்.

அவவின்ர பேரை வெட்டிப்போட்டு எழுதுங்கோ. ஜெகதீஸ்வரி யோகநாதன். வழக்கெண்டா கோட்டுக்கு வாறன். சாடி இறக்கோணும் எண்டா என்ரதை இறக்குங்கோ. அந்தப் பப்பாசியில மட்டும் கை வைச்சிடாதேங்கோ. அந்த இலைச் சாறு குடிச்சா பிளேட்லெற் ஏறும் எண்டு சனம் சொல்லுது. டொக்டர் அதெல்லாம் வேண்டாம் எண்டவர்தான், எண்டாலும் மனம் கேக்குதே? மூண்டு நாளா அவதான் காலமையில இலை வெட்டி, இடிச்சு, போத்தல்ல வடிச்சு என்ர கதவடியில வைச்சிட்டுப் போறா. வாயில துணி போட்டு, அந்தச் சிவப்பு நாடாவால கட்டி.

இண்டையான் போத்தல் இந்தப் பைக்குள்ள இருக்கு. நாடாவை அவிட்டுப்போட்டுத்தான் கொண்டுபோறனான். நேற்றுப் பருக்கேக்க, பேர்ணடெற் தந்ததோ எண்டு கேட்டார். கண் திறக்க ஏலாத நேரத்திலயும் கேட்டார் தம்பி. இல்லையப்பா, நான் இடிச்சது எண்டு சொல்லிப்போட்டன்.