முன்னால மாட்டின வளையம்

இல்ல மச்சான், நான் ஆடல, நீ கத்திரிய எடு. சிரிப்பு வருது, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? சரி சரி, அசையல. இந்தா, கல்லாட்டம் உக்காந்துட்டேன். மொதல்ல முடிய வெட்டு, சவரத்த கடைசியில வச்சிக்க. அதுக்குள்ள சிரிச்சு முடிச்சிடுவேன்.

ஆமா, மச்சான்னுதான் கூப்பிடுவேன். கோர்ட்டுல உங்கக்காவத்தான் என்கிட்டருந்து பிரிச்சு விட்டாங்க. உன்னைய யாரு பிரிச்சா?

கேக்குறான் பாரு கேள்வி. புறா வேட்டை தொடங்குற நாளும் அதுவுமா, ஊர்ல மீசை மொளச்சவன் பூரா வயல்ல நிக்கிறான், இந்த ஒவீடு மட்டும் எதுக்கு சலூன்ல வந்து குந்தியிருக்கான்னுதானே? அதோ கேளு. டப்பு, டப்பு. மணி பன்னெண்டு அடிச்சிருச்சு, ஆரம்பிச்சிட்டானுங்க. உனக்கு முட்டி வலி, நீ போகல. எனக்கு வலியும் இல்ல கிலியும் இல்ல. நான் காத்துக்கிட்டு இருக்கேன். எதுக்கா? அதத்தானே சொல்ல வரேன், வாயத் தொறக்க விட்டாத்தானே.

செவ்வாக்கெழம. வீட்டுக்குப் பின்னால கூனி பிடிக்கிற கூண்டுக்குக் கம்பி கட்டிக்கிட்டு இருந்தேன். சந்துல ஒரு வண்டி வருது. என் சந்துக்கு யாரு வருவா? பாதிரியார்கூட வாசல்லயே நின்னு ஹாரன் அடிச்சிட்டுப் போற சந்து. எட்டிப் பாத்தா உங்கக்கா! ஏர்லீனு! ஒரு கையில துப்பாக்கி உறை, இன்னொரு கையில அத்திப்பழ ஜாம் பாட்டிலு.

வந்தவ எப்படி இருக்கன்னு ஒரு வார்த்த கேக்கணும்ல? ம்ஹூம். துப்பாக்கி மாட்டிக்குது, ஒண்ணு வெடிக்குது, அடுத்தது ஏற மாட்டேங்குது, சனிக்கெழம சுடணும், அதுக்குள்ள பாத்து வையின்னா. ஜாம மேசையில வச்சா. போயிட்டா. அவ்ளோதான்.

எந்தத் துப்பாக்கியா? உங்கப்பாவோடதுதான். அந்தக் கூன் முதுகுத் துப்பாக்கி. நியாயப்படி உனக்குல்ல வந்திருக்கணும். பட்டாசு வெடிச்சாலே மேசைக்கு அடியில போயி ஒளியிற பயலுக்கு எதுக்குத் துப்பாக்கின்னுதான் கெழவர் மகளுக்குக் குடுத்திட்டுப் போனாரு. மொறைக்காத, ஊருக்கே தெரிஞ்ச கததான்.

இப்ப சனிக்கெழமைக்கு ஏன் வேணும்? அங்கதான் இருக்கு விஷயம். லஃபயெட் டவுனுலருந்து வர்றாரே பல்லு டாக்டரு, ஹார்க்ரேவு, அவரு மேக்கால மில்லுக்கு அந்தாண்ட வயல் பிடிச்சிருக்காரு. வேட்டைக்கு உங்கக்காவக் கூப்பிட்டிருக்காரு. கிறிஸ்துமஸ்ல கல்யாணமாம், கோயில்ல எல்லாரும் என்னையப் பாத்துக்கிட்டே பேசுறாங்க, எனக்குக் காது கேக்காதுங்கற மாதிரி. நீ கேள்விப்படல? பொய் சொல்லாத, கண்ணாடியில உன் மூஞ்சி தெரியுது.

அப்ப என் நெலமைய யோசிச்சுப் பாரு. துப்பாக்கி சரியாயிட்டா அதத் தூக்கிக்கிட்டு அந்தாளு வயலுக்குப் போறா. சரியாகலன்னா, இந்த ஒவீடு எதுக்கும் ஆகாதவன்னு இன்னொரு தடவ ஆயிடும். எப்படிப் போனாலும் நான் அவள இழந்துர்றேன். எனக்கு அவ வேணும் மச்சான். இதுல என்ன வெக்கம்? உன் சலூன்ல சொல்லாம வேற எங்க போயிச் சொல்லுவேன்?

அவ ஏன் போனான்னு உனக்குத் தெரியும். ஒழுகுற கூரைக்குத் தகரம் வாங்கிட்டு வந்து செவத்துல சாத்தினேன், சாத்தினது சாத்தினபடி, மழை அது பாட்டுக்கு ஒழுகிச்சு. குளிக்கிற ரூம்பு கதவு ஒத்தக் கீலுல தொங்கிச்சு. நீ எதையும் பாதியில விடுற ஆளு, என்னையும் ஒருநாள் பாதியில விடுவ, அதுக்கு முன்னால நானே போறேன்னு பொட்டியத் தூக்கிட்டா. அவ சொன்னதுல தப்பு இல்ல. தகரம் இன்னும் அங்கதான் சாத்தியிருக்கு.

சரி, கேளு. சாப்பாட்டு மேசையில பேப்பர் விரிச்சேன். உள்ள தோட்டா இல்லன்னு வெரல விட்டுத் தடவிப் பாத்துக்கிட்டேன், அது மொத வேலை. அப்புறம் கழட்டினேன். உங்கப்பா சட்டம் ஞாபகம் இருக்கா? கழட்டுன வரிசையில வையி, வச்ச வரிசையில மாட்டு, சொந்த புத்திய பொட்டியில போட்டுப் பூட்டு. அதே மாதிரி வரிசையா அடுக்கினேன். அடுக்கறப்பவே அந்தப் பெரிய ஸ்பிரிங்கு துள்ளுச்சு பாரு, நேரா மேல சுத்துற விசிறியில பட்டு, விசிறி அத எடுத்து கம்போ கொழம்புச் சட்டிக்குள்ளயே போட்டிருச்சு! சிரிக்காத, கத்திரி காதுல படுது. கரண்டிய விட்டு அள்ளி எடுத்தேன். கம்போவயும் தின்னேன், வேற வழி?

போல்ட்டப் பாத்தா போன வருஷத்து அழுக்கு, எண்ணெய் பிசினு. பாத்திரம் கழுவுற சோப்பப் போட்டு நல்லாத் தேச்சேன். காய வைக்கணும்ல, ஓவன் அடுப்புக்குள்ள வச்சேன். அடுப்புல ஏற்கெனவே சோளரொட்டி வெந்துக்கிட்டு இருந்துச்சு, அதுக்குப் பக்கத்துல எடமும் இருந்துச்சு. ஏன், நம்ம ஊர்ல எவன் துப்பாக்கிய அடுப்புல காய வைக்கல? உங்கப்பா வாத்தையும் துப்பாக்கியயும் ஒண்ணா வேக வச்ச மனுஷன்தானே. அந்த ரொட்டி இருக்கே, ஒரு கடி கடிச்சா வேட்டைக்கே போயிட்டு வந்த மாதிரி.

எல்லாத்தையும் மாட்டி, கொல்லையில போயி ரெண்டு போட்டுச் சுட்டேன். ஒண்ணு போச்சு. ரெண்டாவதுக்குக் காலித் தோட்டா வாயில கவ்வுனபடியே நிக்குது, பாதிரியார் முன்னால பொய் சொல்ல வந்து திக்குறவன் மாதிரி. திரும்பக் கழட்டு. கட்டைக்குள்ள இருக்கற ஸ்பிரிங்க எடுத்துத் தொடச்சேன். மாட்டு. சுடு. மாட்டிக்கிச்சு. மறுநாளும் இதே கூத்து. சத்தம் கேட்டு வேட்டை அதிகாரியே வந்துட்டாரு, சீசன் சனிக்கெழமதானே ஒவீடுன்னாரு. சுடலீங்க, சமையல் பண்றேன்னேன். உள்ள வந்து மேசையப் பாத்தாரு, அடுப்பப் பாத்தாரு, நம்பிட்டுப் போயிட்டாரு.

அந்த வளையத்தப் பாத்தியான்னுதானே கேக்குற? அட, துப்பாக்கி தொடாத உனக்கே தெரியுது பாரேன்! அந்தத் துப்பாக்கியில ஒவ்வொரு தடவ சுடறப்பவும் குழலே பின்னால ஓடிவந்து காலியத் துப்பிட்டு, புதுசு ஏறினதும் முன்னால போவும். குழாயில ஒரு இரும்பு வளையம் இருக்கு. வாத்துக்குக் கனமான தோட்டா போட்டா, வளையத்த ஸ்பிரிங்குக்கு முன்னால மாட்டணும், அது பிரேக்கு. புறாவுக்கு லேசுத் தோட்டா, பிரேக்கு வேண்டாம், வளையத்தக் கழட்டி ஸ்பிரிங்குக்குப் பின்னால ஒதுக்கி வச்சிடணும். லேசுத் தோட்டாவப் போட்டுக்கிட்டு பிரேக்கயும் மாட்டி வச்சா? குழலு பாதி தூரம் ஓடி மூச்சு வாங்கி நின்னுரும். அவ்ளோதான் சமாச்சாரம். நம்ம வீடுகள்ல புள்ளைங்க செபம் படிக்கறதுக்கு முன்னால இதப் படிக்குது.

அதனாலதான் மச்சான் நான் பாக்கல! உங்கக்கா அவ. கண்ணக் கட்டி விட்டா வளையத்த மாத்துவா, உங்கப்பா பந்தயம் கட்டி ஜெயிச்சிருக்காரு. அவ துப்பாக்கியில வளையம் சரியா இருக்கான்னு பாக்கறது, பாதிரியாரப் பாத்து உங்களுக்குச் சிலுவ போடத் தெரியுமான்னு கேக்கறது மாதிரி. கழட்டுறப்பல்லாம் கண்ணுல படுது, கையில எடுக்கறேன், பேப்பர்ல வைக்கறேன், எடுத்த வரிசையிலயே திரும்ப மாட்டறேன். கண்ணு பாத்துச்சு, புத்தி பாக்கல.

வியாழக்கெழம, மூணாவது தடவ கழட்டறேன். கையில வளையம். என்னமோ உறுத்துச்சு. மொதல்ல வந்தப்ப துப்பாக்கி பூரா போன வருஷத்து அழுக்கு, மண்ணு, புறா எறகு. இந்த வளையம் மட்டும் பளபளன்னு தொடச்சு, புது எண்ணெய் பூசி இருக்கு. மோந்து பாத்தேன். தையல் மிஷின் எண்ணெய்! இந்த ஊர்ல துப்பாக்கிக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஊத்தறது யாரு? ஒரே ஒருத்திதான். அது இருக்கறது எங்க? ஸ்பிரிங்குக்கு முன்னால. புறா சீசனுக்கு.

தப்பா போட்டிருப்பான்னு சொல்லாத. அவ வாழ்க்கையில தப்பாப் போட்டது ஒண்ணே ஒண்ணு, என் வெரல்ல மோதரம். பல்லு டாக்டர் மாத்தியிருப்பாரா? அவரு வச்சிருக்கறது புதுசு, அதுல இந்தச் சோலியே கெடையாது, வளையத்தக் குடுத்தா சாவிக்கொத்துல மாட்டிக்குவாரு. இன்னொண்ணு யோசி. கில்பேரு துப்பாக்கிக் கடை அவ வீட்டுக்கு அடுத்த தெரு. அதத் தாண்டி, ஆத்துப் பாலத்தத் தாண்டி, என் சந்து வரைக்கும் வந்திருக்கா. ஜாமோட!

தனியா ஆடினேன் மச்சான். சமையல்கட்டுல, கையில வளையத்தோட, ரேடியோகூட இல்லாம. நாயி எந்திரிச்சு வெளிய போயிருச்சு.

நேத்து சாயங்காலம் வந்தா. நான் தலைய வாரி, சட்டைய மாத்தி, கேட்டா சும்மாத்தான் போட்டேன்னு சொல்றதுக்கு ரெடியா நிக்கறேன். கேக்கல. துப்பாக்கிய வாங்கி ஒரு தடவ இழுத்துப் பாத்தா. என்ன கோளாறுன்னா. ஸ்பிரிங்குல அழுக்குன்னேன். ஸ்பிரிங்குலயான்னா. ஆமான்னேன். வேற ஒண்ணும் இல்லியேன்னா. வேற ஒண்ணும் இல்லன்னேன். வண்டிச் சாவியக் கையில வச்சிக்கிட்டு வாசப்படியில நிக்கறா, போகவும் இல்ல, உள்ள வரவும் இல்ல. கூரையப் பாத்தா, சாத்தியிருக்கற தகரத்தப் பாத்தா. ஜாம் நல்லாருந்துச்சான்னு கேட்டா. பாட்டில் காலின்னேன். லேசா சிரிச்சா மாதிரி இருந்துச்சு, இல்ல வெயில்ல கண்ணச் சுருக்கினாளோ என்னமோ. போயிட்டா.

வளையத்தப் பின்னால மாத்தித்தானே குடுத்தேன்னு கேக்குறியா?

எங்க மாத்தினேன். தொடச்சேன், அவ வச்ச எடத்துலயே வச்சேன், மூடினேன், குடுத்துட்டேன்.

ஏய், கத்திரியக் கீழ வையி, கொன்னுராத! இரு, சொல்றேன். வளையந்தான் கோளாறுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா என்ன ஆகும்? அவளா வேணும்னு பண்ணினான்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிரும், வெக்கத்துல செத்துருவா, அப்புறம் இந்த ஜென்மத்துல என் சந்துக்கு வரமாட்டா. சத்தமில்லாம மாத்திக் குடுத்தா? நன்றின்னு சொல்லிட்டு டாக்டர் வயலுக்குப் போயிருவா. அதனாலதான். தொறந்து பாத்தா அவளுக்குப் புரியும், நீ வச்சத நான் பாத்துட்டேன், நீ வச்சபடியே இருக்கட்டும்னு.

ஆனா பயமும் இருக்கு மச்சான், அதயும் சொல்லிடறேன். பாதியில விடற பய, இதயும் பாதியில விட்டுட்டான், இவன் திருந்த மாட்டான்னு நெனச்சிட்டா? அந்த வயல்ல மொத வெடியிலயே மாட்டிக்கிட்டதும், ரெண்டு திருகுல தானே மாத்திக்கிட்டு, டாக்டரப் பாத்து சிரிச்சுக்கிட்டே சுட்டுக்கிட்டு இருந்தா? அதோ அந்த டப்பு டப்புல ஒண்ணு அவளுதா இருந்தா? ஆரம்பிச்சதுலருந்து ஒவ்வொரு சத்தத்தயும் எண்ணாத கொறையா கேட்டுக்கிட்டு இருக்கேன். வீட்ல உக்கார முடியல. அதான் உன்கிட்ட வந்தேன். சோப்பப் போடு, போடு, இந்தக் கன்னத்துலருந்து ஆரம்பி.

ம்.

மச்சான், கத்திய எடு. எடுடா! அது யாரு வண்டி? ஜன்னல்ல பாரு. பச்சை. அவளேதான்! துப்பாக்கி உறை பக்கத்து சீட்டுல நிக்குது, பெல்ட்டு வேற போட்டு விட்டிருக்கா! இரு, இரு, எந்தப் பக்கத்துலருந்து வருது? டாக்டர் வயலு மேக்காலதானே? இது கெழக்கால இருந்துல்ல வருது, கோயில் பக்கத்துலருந்து. அவ வீட்டுலருந்து. வயலுக்கே போகல மச்சான்! ஒரு தோட்டாகூட சுடல. சுடாத துப்பாக்கி மாட்டிக்குதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

தொறந்து பாத்திருக்கா. நேத்தே தொறந்து பாத்திருக்கா!

என் சந்துலதான் திரும்பறா. இந்தத் துணிய அவிழு. இன்னொரு கன்னமா? கெடக்கட்டும், சோப்போட போறேன், அவ பாக்காத மூஞ்சியா? நீ சாயங்காலம் கடையச் சாத்திட்டு சாப்பிட வா. புறா கெடையாது, முட்டைதான். எங்கயா? எங்க வீட்டுக்குத்தான்டா. வர்றப்ப தகரத்துக்கு ஆணி வாங்கிட்டு வா.