பதினெட்டு நிமிடம் முந்திய கைக்கடிகாரம்

பெயர், கணவர் பெயர், முகவரி ஆகியவை செவ்வாய்க்கிழமை மாலை நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. அவற்றில் மாற்றம் இல்லை. வயது நாற்பத்து நான்கு. சீருடை தைக்கும் நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இப்போது கட்டிங் மாஸ்டர். அங்கே எல்லோரும் என்னை மாஸ்டரம்மா என்று அழைப்பார்கள். இன்று வியாழக்கிழமை காலை, யாரும் அழைக்காமல், யாரும் வற்புறுத்தாமல், நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து இந்த இரண்டாவது வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

துணி உருளைகளைத் திருடிக்கொண்டு போன வெள்ளை வேன் எங்கள் கட்டட வாசலைத் தாண்டியபோது மணி சரியாக இரண்டு ஆறு என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அந்த நேரம் தவறு. வேனைப் பார்த்தது உண்மை, உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் உண்மை, அது இரண்டு ஆறு காட்டியதும் உண்மை. கடிகாரம் தவறாகக் காட்டியது. அது எப்படி என்று சொல்ல, அந்தக் கடிகாரத்தை நான் தேர்ந்தெடுத்ததிலிருந்து தொடங்க வேண்டும். அதெல்லாம் எதற்கு என்று எழுதுகிற ஏட்டு கேட்டார். அது இல்லாமல் இது புரியாது என்றேன். சரி, சொல்லுங்கள் என்றார்.

சென்ற ஆண்டு என்னை மாஸ்டராக உயர்த்தியபோது, எனக்கென்று உயர்தரமான கைக்கடிகாரம் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். பேட்டரியில் ஓடுவது அல்ல. உள்ளே சுருள்வில்லும் பல்சக்கரங்களும் இருந்து, கை அசைய அசையத் தானே சாவி ஏறிக்கொள்வது. அலமாரியில் பூட்டி வைப்பதற்காக அல்ல, தினமும் வேலைக்குக் கட்டிக்கொண்டு போவதற்காக. என் கணவர், "போன்லயே டைம் காட்டுதே, இது எதுக்கு?" என்றார். "போனைத்தான் காலையில வாசல்லயே வாங்கி வெச்சுக்கிறாங்களே," என்றேன். எங்கள் நிறுவனத்தில் அலைபேசிகளை வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். அலுவலகத்துக்கும் அதே விதிதான்.

அதன் பிறகு அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமை கடைக்குப் போனேன். முதல் நாள் விற்பனையாளர் கல் பதித்த கடிகாரங்களாக எடுத்து வைத்து, "லேடீஸ் மாடல் மேடம்," என்றார். "கல்லு துணியில மாட்டும். நூல் இழுத்துக்கிட்டு வந்தா யார் பதில் சொல்றது?" என்று தள்ளிவிட்டேன். அதன் பிறகு என் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மணிக்கட்டை அளந்தேன், பதினைந்தரை சென்டிமீட்டர். கடிகாரத்தில் பட்டை மாட்டும் ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் அளந்தேன். மணிக்கட்டைத் தாண்டி வெளியே நிற்பதை எல்லாம் ஒதுக்கினேன். விற்பனையாளர் நாடாவோடு வந்த ஆளை அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. உள்ளே போய் மேலாளரையும் கூட்டிக்கொண்டு வந்து வேடிக்கை காட்டினார்.

இரண்டாவது சனிக்கிழமை முழுக்கைச் சட்டையின் கைப்பட்டி ஒன்றைத் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். அதை மணிக்கட்டில் போட்டுப் பொத்தான் பூட்டி, ஒவ்வொரு கடிகாரத்தையும் உள்ளே நுழைத்துப் பார்த்தேன். தினமும் கட்டுகிற கடிகாரம் சட்டைக் கைக்குள் போய்வர வேண்டும். மாட்டினால் அது கடிகாரம் அல்ல, கைவிலங்கு. ஏழு கடிகாரங்கள் மாட்டின. அவற்றில் ஒன்று காந்தம் தாக்காதபடி உள்ளே தனி உறை போட்டது என்றும், அதனால்தான் சற்றுத் தடிமன் என்றும் விற்பனையாளர் சொன்னார். "என் தொழில்ல காந்தம் எங்கேங்க வருது?" என்று கேட்டேன். அதையும் ஒதுக்கினேன்.

மூன்றாவது சனிக்கிழமை வாங்கினேன். எஃகு உடல், வெள்ளை முகப்பு, கறுப்பு எண்கள். முப்பத்தாறு மில்லிமீட்டர் அகலம். கத்தரி உரசினாலும் கீறல் விழாத கண்ணாடி. கை கழுவினால் தண்ணீர் உள்ளே போகாதபடி திருகி இறுக்கும் பக்கத்துச் சாவி. விலையை இங்கே பதிய விரும்பவில்லை. என் கணவருக்கே முழுதாகத் தெரியாது. அதைக் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது என் கை எனக்கே புதிதாக இருந்தது. இத்தனை ஆண்டு ஊரார் கைகளுக்கெல்லாம் அளவெடுத்த நான் என் கைக்கு அளவெடுத்து ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன். இப்போதும் அந்தப் பெருமை குறையவில்லை.

அதன் பிறகு பதினோரு மாதம் அதைக் கழற்றியது தூங்கும்போது மட்டும். தையல் பிரிவில் "மாஸ்டரம்மா கையில ஒரு பைக்கைக் கட்டியிருக்காங்க" என்று கேலி பேசினார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. ஞாயிறுதோறும் காலையில் கணவரின் அலைபேசியோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்வேன். வாரத்துக்கு இருபத்தெட்டு விநாடி முந்தும். அதற்கு மேல் போனதில்லை. வாசல் காவலாளியை நாங்கள் விசில்காரர் என்று கூப்பிடுவோம். அவரிடம் முப்பது நாற்பது அலைபேசிகள் இருக்கும், ஆனாலும் நான் உள்ளே போகும்போதெல்லாம், "அக்கா, டைம் என்ன?" என்று என்னிடம்தான் கேட்பார். நான் கையைத் திருப்பிப் பார்த்து விநாடியோடு சொல்வேன். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

இந்தத் திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணி அளவில், என் நாத்தனார் ஆசையாக வாங்கித் தந்த ஒரு பட்டையை முதல்முறையாகக் கையில் கட்டினேன். குண்டூசிகள் சிந்தாமல் இழுத்துப் பிடித்துக்கொள்வதற்காக அதன் மேல் தட்டையான காந்தம் பதித்திருக்கும். கத்தரி வலக்கையில் இருப்பதால் தையற்காரர்கள் இதை இடக்கையில்தான் கட்டுவார்கள். நானும் அப்படியே, கடிகாரத்தை ஒட்டி, அதற்கு மேலே கட்டினேன். அன்று ஒரு குண்டூசிகூடக் கீழே விழவில்லை என்று இரவு வீட்டிலிருந்து நாத்தனாருக்குப் போன் செய்து பாராட்டினேன். அவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பேருந்து வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது என்று நினைத்து நடத்துநரைக் கடிந்துகொண்டேன். பகல் உணவு மணியை அலுவலக எழுத்தர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டரைக்கு அடிப்பார். அன்று அவர் அடித்தபோது என் கையில் பன்னிரண்டு நாற்பத்தேழு. நேரே அலுவலகத்துக்குப் போய், "உங்க கடிகாரம் பதினேழு நிமிஷம் லேட்டு," என்றேன். "நேத்துகூடச் சரியாத்தான் இருந்துச்சு, மாஸ்டரம்மா," என்றார். "அப்போ நான் கையில கட்டியிருக்கிறது பொம்மையா?" என்று கேட்டேன். அவர் நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க்கடிகாரத்தின் முள்ளைப் பதினேழு நிமிடம் முன்னால் தள்ளினார். சரியாகத் தள்ளுகிறாரா என்று கீழே நின்று மேற்பார்வை பார்த்ததும் நான்தான்.

அதன் பிறகு வேலை மேசைக்கு வந்துவிட்டேன். ஜன்னல் வழியே வெள்ளை வேன் வாசலைத் தாண்டுவதைப் பார்த்து, இந்த நேரத்தில் நமக்கு வண்டி வராதே என்று கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஆறு. வாசலில் நின்றது யார் என்று தெரியவில்லை. காவல் அறையின் கூரை மறைத்தது. காவலாளி தினமும் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி வரை கட்டடத்தின் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த அரை மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொள்வது கிடங்கு மேற்பார்வையாளர். ஆகவே இரண்டு ஆறு என்று நான் சொன்னால் வேனை வெளியே விட்டது காவலாளி என்று ஆகும்.

கிடங்கில் துணி உருளைகள் குறைவது தெரிந்து, மாலை ஐந்தரைக்குக் காவல் அதிகாரி வந்து விசாரித்தபோது நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். அவர் என் கடிகாரத்தையும் அலுவலகச் சுவர்க்கடிகாரத்தையும் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அவர் தம் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. விசில்காரர், தாம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்ததாகவும், அதன் பிறகு எந்த வண்டியும் போகவில்லை என்றும் முதலில் சொன்னார். நான் சொன்ன நேரத்தை அதிகாரி அவரிடம் சொன்னதும் அவர் என் கையைப் பார்த்தார். பிறகு, "அக்கா வாட்ச்ல ரெண்டு ஆறுன்னா ரெண்டு ஆறுதான் சார். நான்தான் எங்கேயோ கண் அசந்துட்டேன் போல," என்றார். அவர் அப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று வீட்டுக்குப் போனபோது கணவரின் அலைபேசியில் ஆறு நாற்பது, என் கையில் ஏழு இரண்டு. "உன் வாட்ச்சுக்கு என்ன இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். கூட்டத்தில் இடிபட்டு இப்போதுதான் ஏதோ ஆகியிருக்கும், மதியம் சரியாகத்தான் ஓடியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அதை நம்பவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் உண்மை. அந்த ஓர் இரவு என் வாயை அடைத்தது தலைக்கனம் தவிர வேறில்லை.

புதன்கிழமை காலை வாசலில் புதிய ஆள் ஒருவர் அலைபேசிகளை வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் விசில்காரரின் மனைவி ஒரு பையோடு நின்றார். சீருடையைத் திருப்பித் தரும்படி நிறுவனம் சொல்லியிருந்ததாம். துவைத்து, தேய்த்து, பொத்தான் பூட்டி மடித்துக் கொண்டுவந்திருந்தார். விசில்காரருக்குக் கழுத்து பருமன் என்பதற்காக நான் தனியாக வெட்டிக் கொடுத்த காலர் அது. "அக்கா, நீங்க பாத்ததைத்தானே சொன்னீங்க. உங்க மேல ஒண்ணும் வருத்தமில்ல," என்றார் அந்த அம்மாள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை வேலை முடிந்ததும் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் போனேன். அவர் மூடியைத் திறக்கவே இல்லை. ஒரு சிறிய திசைகாட்டியை எடுத்துக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தார். முள் துள்ளித் திரும்பியது. "கையில வேற என்ன கட்டுறீங்க?" என்று கேட்டார். பையிலிருந்த குண்டூசிப் பட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளே இருக்கும் மெல்லிய சுருளில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடிகாரம் தலைதெறிக்க ஓடும் என்று விளக்கினார். "இதுக்குன்னு மெஷின் இருக்கு. பத்து செகண்ட்ல எடுத்துடலாம், காசுகூட வேண்டாம்," என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இப்போது சரிசெய்தால் நான் சொல்வதற்குச் சாட்சி இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அவர் கண்டதை அவருடைய கடைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். அதை இத்துடன் இணைக்கிறேன்.

கணக்கு இதுதான். செவ்வாய் பகல் பன்னிரண்டரைக்கு என் கடிகாரம் பதினேழு நிமிடம் முந்தியிருந்தது. அதற்கு அலுவலக எழுத்தரும், அவரை நான் திட்டியதைக் கேட்ட மொத்தக் கூடமும் சாட்சி. அதன் பிறகு மணிக்கு முக்கால் நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஓடியிருக்கிறது. ஆகவே வேன் வெளியேறியபோது உண்மையான நேரம் ஒன்று நாற்பத்தெட்டு. முன்பின் ஒரு நிமிடம் இருக்கலாம். இரண்டு மணி ஆகவே ஆகாது. அந்த நேரத்தில் வாசலில் இருந்திருக்க வேண்டியவர் யார் என்பது நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு மேல் நான் யார் மீதும் எதுவும் சொல்ல வரவில்லை. கண்ணால் பார்த்தது வேனை மட்டும்.

முன்னுக்குப் பின் முரணாக இரண்டு வாக்குமூலம் கொடுத்தால் நீதிமன்றத்தில் என்னைத் துருவித் துருவிக் கேட்பார்கள், சங்கடமாக இருக்கும் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். கேட்கட்டும். முதல் வாக்குமூலத்தைக் கிழிக்க வேண்டாம். இரண்டிலும் என் கையெழுத்து இருக்கட்டும்.

கடிகாரத்தை ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே மேசையில் கழற்றி வைத்தேன். ஏட்டு தம் அலைபேசியைப் பக்கத்தில் வைத்து இரண்டு நேரத்தையும் குறித்துக்கொண்டு, கடிகாரத்தை உறையிலிட்டு முத்திரை வைத்தார். வழக்கு முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம் என்றார். ஆகட்டும் என்றேன். கட்டாமல் வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும், நின்றால் கெட்டுப்போனதாக நினைத்து யாரும் திறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கொடுக்கும்போது மனம் வலித்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

காவலாளியிடம் இதை நானே சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அதிகாரி அனுமதித்தார். விசில்காரர் அடுத்த அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் நின்றபடியே சொல்லி முடித்தேன். "ரெண்டு மணிக்கு நீங்க வந்துட்டீங்க. நீங்க எங்கேயும் கண் அசரல. தப்பு என்னோடது," என்றேன். இரண்டு நாளாக மழிக்காத முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வெறுமையாக இருந்த என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஐயோ, வாட்ச்சுக்கு ஒண்ணும் ஆயிடலையே, அக்கா?" என்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் நேரம் ஒன்று நாற்பது என்று இருந்ததைச் சுட்டிக்காட்டினேன். ஒன்று நாற்பத்தெட்டு என்று திருத்தி, பக்கத்தில் என் சுருக்கொப்பம் வாங்கப்பட்டது. மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது. யாருக்கும் அஞ்சியோ யாரிடமும் எதையும் எதிர்பார்த்தோ சொல்லவில்லை.

(கையொப்பம்)
கட்டிங் மாஸ்டர்