ரஷ்யக் குதிரையின்ர பின்னங்கால்

ஓடுறன். ரஷ்யப் படைக்கே தளபதி நான். பொய். தளபதியின்ர குதிரை. அதிலயும் பின்னங்கால். சாக்குக்குள்ள குனிஞ்சபடி ஓடுறன். முன்னங்கால் நசீர். குறிஞ்சாக்கேணிப் பொடியன். அவன்ர குதிக்கால் மட்டும்தான் எனக்குத் தெரியுது.

தூரத்தில "டும்". பிறகு ஒரு கூவல். பிறகு காது அடைச்சுப்போச்சு.

"படுங்கோ! படுங்கோ!"

ஆரோ கத்தினது. பின்னங்கால் படுத்திட்டுது. முன்னங்கால் ஓடுது. நசீர் என்னை மணலில இழுத்துக்கொண்டு போறான்.

சல்லி எண்ட எங்கட ஊர்க் கடற்கரை. பட்டப்பகல். கூத்தெண்டா விடியவிடிய ஆடுறது. கூத்துப் பழக்கிற எங்கட அண்ணாவியார் தலகாணி மாதிரி ஒரு ரஷ்ய நாவலைத் தூக்கிக்கொண்டு வந்து, முதல்ல கூத்தாத்தான் கட்டினவர். பனிக்குப் பஞ்சு. சக்கரவர்த்திக்கு வரவுப்பாட்டு. பிறகு ஊரடங்கு. இரவில தலை காட்ட ஏலாது. ஆட்டத்தை வெட்டினார். பாட்டை வெட்டினார். பகலில ஒரு மணித்தியால வீதி நாடகமாக்கினார். குதிரையையும் பிரபுவின்ர மகளையும் வெட்டச் சனம் விடேல்ல.

மகள், எங்கட செல்வன். கூத்தில பொம்பிளை வேசமும் ஆம்பிளைதானே. மீசையை வழிச்சு, நெஞ்சில சிரட்டை கட்டி, நிலத்தில இழுபடுற சட்டையோட வந்தானெண்டா நானே மயங்கிப்போவன். அவன்ர மனிசி மலர் முன்னுக்கு இருந்து விழுந்து விழுந்து சிரிப்பாள்.

சத்தம் அடங்கிச்சு. செல்வனைக் காணேல்ல.

ஆஸ்பத்திரி. நானும் மலரும். வாசலில நிண்டவர் கேட்டார். "ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"ஆம்பிளை" எண்டாள் மலர். வேறென்ன சொல்லுறது.

ஆம்பிளை வாட்டில இல்லை. துணி மூடிக் கிடந்த ஆம்பிளையளுக்குள்ளயும் இல்லை.

"அண்ணை, அவர் தப்பிட்டார். குச்சவெளிப் பக்கம் ஓடியிருப்பார்."

ஓம் எண்டனான். அந்தச் சட்டையோட பஸ் ஏறினா கொண்டக்டர் எழும்பி சீட் குடுப்பான் எண்டனான். சிரிச்சாள். அந்த ரத்த வாடைக்குள்ள நிண்டு ரெண்டு பேரும் சிரிச்சனாங்கள்.

ஒரு நேர்ஸ் வந்தா. "உள்ள ஒரு பொம்பிளை கிடக்கிறா. தேடி ஒருத்தரும் வரேல்ல. கூறைச்சீலையில தைச்ச நீளச் சட்டை. உங்கட ஆளோ?"

மலரின்ர கூறைச்சீலை அது. அவளே வெட்டித் தைச்சுக் குடுத்தது.

கொண்டு வரேக்க உயிர் இருந்ததாம். வந்து குவிஞ்ச காயக்காரருக்குள்ள சட்டையை விலக்கிப் பாக்க ஒருத்தருக்கும் நேரமில்லை. நாங்கள் அங்கால ஆம்பிளையளைப் புரட்டிப் புரட்டிப் பாக்கேக்க, இவன் இங்கால பொம்பிளை வாட்டில தனியக் கிடந்திருக்கிறான்.

இப்ப டவுனில படிச்ச பிள்ளையள் அதே கதையை மண்டபத்தில மேடை நாடகமாப் போடுகினம். குதிரை இல்லை. மகளுக்கு உண்மையான பொம்பிளைப் பிள்ளை. குண்டுச் சத்தம் பெட்டிக்குள்ளால வருது. ஒத்திகை பாக்கப் போனனான். முதல் சத்தத்துக்கே நான் கதிரைக்குக் கீழ. பிள்ளையள் கை தட்டினதுகள். நல்லா நடிக்கிறன் எண்டு நினைச்சிருக்குங்கள்.

அண்டைக்கு எங்களுக்கு இல்லாமப் போனதுகளைச் சொல்லுறன், கதை கேட்டு வந்த நீங்கள் எழுதுங்கோ. குதிரை. மத்தளம் ரெண்டு. நசீரின்ர இடது கால். அண்ணாவியார். அவரின்ர மூத்த மகன். செல்வன். பிற்பாட்டுக்காரர்... அவரின்ர பேர்...

கரையில நிண்டு பொடியள் கூப்பிடுறாங்கள். "அண்ணை! என்ன அங்க கதை? கரைவலை இழுக்க ஆள் காணாது! ஓடி வாங்கோ!"