பதினோரு பச்சை டிக்

ஸ்னேஹா: …அதெல்லாம் முடியாதுக்கா. அஞ்சுக்கு நாலு புள்ளி எட்டு ஸ்கோர் வெச்சிருக்கிற வெண்டரை பிளாக் பண்ணச் சொன்னா, சாஃப்ட்வேரே நம்மளைப் பாத்து சிரிக்கும்.

ஹெலன்: சிரிக்கட்டும். நீ பண்ணு.

ஸ்னேஹா: டீ சொல்லவா?

ஹெலன்: ஆஸ்டின் டவுன் பிராஞ்ச்லருந்து ஹெட் ஆபீஸுக்கு டீ குடிக்கவா வந்தேன்?

ஸ்னேஹா: மெயின்டனன்ஸ்காரங்க வந்தாலே கிரிகிரிதான். லிஃப்ட் நிக்குதும்பீங்க, ஏசி ஓடலம்பீங்க. இன்னைக்கு ஆளையே தூக்குன்னு வந்திருக்கீங்க ஹெலன் அக்கா.

ஹெலன்: வெண்டர் லிஸ்ட் உன் கைல இருக்கு. வேற யார்கிட்ட போறது?

ஸ்னேஹா: நாகேஷ் மேல அப்படி என்ன கோவம்? நம்ம மூணு ஆஸ்பத்திரிக்கும் அவர்தானே ஜெனரேட்டர் பாக்கறாரு. கூப்பிட்டா வர்றாரு, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ்…

ஹெலன்: போன செவ்வாக்கிழமை வந்தாரா?

ஸ்னேஹா: அது… பேட்டரி டவுன்னு…

ஹெலன்: எங்க பிராஞ்ச்ல கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகல. குழந்தைங்க ஐசியூல ஒன்பது குழந்தை. யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்குச்சு, அப்புறம் அதுவும் போச்சு. ரெண்டு குழந்தைக்கு மெஷின்லதான் மூச்சு. மேரி சிஸ்டரும் இன்னொரு பொண்ணும் பையை அமுக்கி அமுக்கி கையாலயே மூச்சு குடுத்தாங்க. பதினாலு நிமிஷம்.

ஸ்னேஹா: கேள்விப்பட்டேன். ஒன்னும் ஆகலல்ல?

ஹெலன்: ஆகல. அதான் எல்லாரும் மறந்துட்டீங்க.

ஸ்னேஹா: அப்படி இல்லக்கா…

ஹெலன்: பேட்டரி மூடியைத் தொறந்து பாத்தேன். தண்ணி ஒரு சொட்டு இல்ல, வறண்டு கெடக்கு. செக்லிஸ்ட்ல என்ன போட்டிருக்கான்? பேட்டரி தண்ணி பாத்தாச்சு, டிக். அரை மணி நேரம் ஓட்டிப் பாத்தாச்சு, டிக். மாசாமாசம் எல்லாம் பச்சை.

ஸ்னேஹா: போட்டோ இல்லாம சிஸ்டம் ஏத்துக்காதே. போட்டோ போட்டிருப்பாருல்ல?

ஹெலன்: தொற. மார்ச் மாசத்தைத் தொற. ஜெனரேட்டர்ல ஒரு மீட்டர் இருக்கு பாரு, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டும். படி.

ஸ்னேஹா: ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு.

ஹெலன்: ஏப்ரல்.

ஸ்னேஹா: ஆயிரத்து நூத்தி… இருங்க.

ஹெலன்: மே.

ஸ்னேஹா: …அதேதான்.

ஹெலன்: பதினோரு மாசமும் அதேதான். ஒரே போட்டோ. நடுவுல எத்தனை தடவை கரண்ட் போயி ஜெனரேட்டர் ஓடுச்சு? மீட்டர் மட்டும் ஏறவே இல்லயாம். ஆளு நம்ம கேட்டுக்குள்ள கால் வைக்கல. வீட்ல உக்காந்து பழைய போட்டோவையே ஏத்திட்டிருக்கான்.

ஸ்னேஹா: அடப்பாவி… சரிக்கா, வார்னிங் லெட்டர் அடிக்கறேன். இன்னைக்கே.

ஹெலன்: ஞாயித்துக்கிழமை நம்ம நீலசந்திரா பிராஞ்ச் பக்கம் ஷட்டவுன். காலைல பத்துலருந்து நாலு மணி வரைக்கும் கரண்ட் இருக்காது. அங்கயும் பிரசவ வார்டு இருக்கு, அங்கயும் நாகேஷ்தான். உன் லெட்டரை ஜெனரேட்டர்ல ஊத்தி ஓட்டவா?

ஸ்னேஹா: வேற ஆளை விட்டுப் பாக்கச் சொல்லுங்களேன்.

ஹெலன்: மர்பி டவுன் ஓஸ்வால்ட்டை நேத்து நானே அங்க கூட்டிட்டுப் போனேன். நல்ல மெக்கானிக், பேப்பரெல்லாம் குடுத்து நம்ம சிஸ்டம்ல ரெஜிஸ்டர் பண்ணவரு. கேட்ல செக்யூரிட்டி ஒர்க் ஆர்டர் நம்பர் கேக்கறான். ஆர்டர் போடப் போனா, இந்த வேலைக்கு ஏற்கெனவே வெண்டர் இருக்காருன்னு திருப்பி அனுப்புது. நாகேஷ் லிஸ்ட்ல இருக்கிற வரைக்கும் இன்னொருத்தர் உள்ள நுழைய முடியாது.

ஸ்னேஹா: அந்த ரூல் நான் போட்டதில்லக்கா… இருங்க, போன் அடிக்குது. அய்யோ, அவரேதான்.

ஹெலன்: ஸ்பீக்கர்ல போடு. நான் இருக்கேன்னு சொல்லாத.

ஸ்னேஹா: ஹலோ… சொல்லுங்க நாகேஷ். ஆங், நானே கூப்பிடலாம்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமைக்கு நீலசந்திரா ஜெனரேட்டர் ரெடியா?

நாகேஷ்: ஃபுல் ரெடி மேடம். நேத்து மத்தியானம்தான் நானே போயி அரை மணி நேரம் ஓட்டிப் பாத்தேன். டென்ஷனே பேடா, கவலைய விடுங்க.

ஸ்னேஹா: …சரி. அப்புறம் கூப்பிடறேன்.

ஹெலன்: நேத்து மத்தியானம் முழுக்க நான் அந்த கேட்லதான் நின்னேன். சும்மா நிக்கறதுக்கு, உள்ள வர்றவங்க கையெழுத்துப் போடற ரெஜிஸ்டரைப் புரட்டிட்டிருந்தேன். ரெண்டு மாசமா அவன் பேரே இல்ல அதுல.

ஸ்னேஹா: எப்படிக்கா, கூசாம சொல்றான்…

ஹெலன்: இத்தனை நாளா யாரும் கேக்கலயே. அதான் கூசல. ஃபார்மைத் தொற.

ஸ்னேஹா: தொறக்கறேன். காரணம் என்ன போடலாம்… இன்சூரன்ஸ் பேப்பர் காலாவதின்னு போட்டுடலாமா? ஸலீசா, ஒரு கேள்வி இல்லாம முடிஞ்சிடும்.

ஹெலன்: நாளைக்கே புது பேப்பரை ஏத்துவான், உன் சிஸ்டம் அவனைத் திரும்ப உள்ள விட்டுடும். உண்மையைப் போடு. பொய் ரிப்போர்ட்டுன்னு போடு.

ஸ்னேஹா: அதைப் போட்டா விசாரணை வரும்.

ஹெலன்: வரட்டும்.

ஸ்னேஹா: அக்கா, கேளுங்க. அவர் போட்ட செக்லிஸ்ட்டை உங்க ஆபீஸ்லருந்து யாரோ அப்ரூவ் பண்ணியிருக்கணும்ல? நாலு பேருக்கு லாகின் இருக்கு. யாரு, எந்தத் தேதி, எத்தனை மணிக்குன்னு எல்லாம் தானா டைரக்டருக்குப் போயிடும். நாகேஷுக்கு இது போனா வேற ஆஸ்பத்திரி. அப்ரூவ் பண்ணவங்களுக்கு வேலையே போயிடும்.

ஹெலன்: போட்டோவைப் பாக்காம பச்சை குடுத்தா?

ஸ்னேஹா: நாப்பது செக்லிஸ்ட் வரும். மொத்தமா செலக்ட் பண்ணி ஒரே தட்டு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ஒவ்வொண்ணா தொறந்து பாக்க யாருக்கு நேரம்? அவங்களுக்கும் வீடு, பிள்ளைங்க, ஆயிரம் கஷ்டம்…

ஹெலன்: கஷ்டம் இருக்கும். அதுக்குன்னு ஞாயித்துக்கிழமை நீலசந்திரால யாராவது பை அமுக்கணுமா?

ஸ்னேஹா: ரெண்டு நாள் டைம் குடுங்க. டைரக்டர்கிட்ட வாய் வார்த்தையா பேசிப் பாக்கறேன்…

ஹெலன்: இன்னைக்கு வியாழக்கிழமை. ஓஸ்வால்ட் நாளைக்குக் காலைல புது பேட்டரியோட கேட்ல நிப்பாரு. அவர் கைல நம்பர் இருக்கணும். காரணம் எழுதிட்டியா?

ஸ்னேஹா: எழுதிட்டேன்.

ஹெலன்: போட்டோ?

ஸ்னேஹா: பதினொண்ணும் வெச்சாச்சு. இனி சப்மிட்தான்… அழுத்தினா திரும்ப எடுக்க முடியாதுக்கா.

ஹெலன்: அழுத்து… ஏன் கையை எடுத்துட்ட?

ஸ்னேஹா: காலைல நீங்க போன் பண்ணதுமே, யாரு அப்ரூவ் பண்ணாங்கன்னு நான் சிஸ்டம்ல தொறந்து பாத்துட்டேன். பதினோரு மாசமும் ஒரே பேருதான். அதுக்குத்தான் வந்ததுலருந்து ஏதேதோ சொல்லி இழுத்துட்டிருக்கேன். நீங்க கெளம்புங்கக்கா. என்னால முடியல.

ஹெலன்: பாத்துட்டியா… நல்லதாப் போச்சு. எப்படி வாய்விட்டுச் சொல்றதுன்னு வர்ற வழியெல்லாம் தவிச்சுட்டே வந்தேன். நான்தான் ஸ்னேஹா. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ஊருக்குப் போற மாரிகுப்பம் ரயிலைப் புடிக்கிற அவசரத்துல, பிளாட்ஃபார்ம்ல நின்னுட்டு நாப்பதையும் ஒரே தட்டுல அனுப்பிட்டுப் போயிடுவேன். அந்தப் பதினாலு நிமிஷமும் நான் ஐசியூ வாசல்லதான் நின்னுட்டிருந்தேன். கையை நகத்து, நானே அழுத்தறேன்.