மொட்டைமாடியில் ஆறு மேடுகள்

ஸ்ட்ராபெர்ரிக்கு வேர் நனைய வேண்டும், தண்டு நனையக் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் மண்ணை மேடாகக் குவித்து நடுகிறோம். நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும், ஐயா. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு மேடுகள் போட்டிருந்தேன். அடியில் மரத்துண்டுகள், நடுவில் எரு, மேலே மண். இடுப்பு உயரம். மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஐந்தில் கத்தரியும் தக்காளியும், ஆறாவதில் ஸ்ட்ராபெர்ரி. மண் வெறுமனே கிடக்கக் கூடாது என்று இடையிலெல்லாம் தட்டைப்பயறு விதைத்திருந்தேன். பூத்ததும் அறுத்து அங்கேயே பரப்பினால் அதுவே போர்வை, அதுவே உரம். அதுவரை மேட்டில் கை வைக்கக் கூடாது. ஞாயிறுதோறும் முப்பது பேருக்கு இதை வகுப்பெடுத்தேன். “மண்ணுக்கும் வலிக்கும்” என்று சொன்னபோது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறாவது மேட்டுக்கு நேர் கீழே என் தங்கையின் அறை. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாகப் படுக்கை. செய்தித்தாள் மாதிரி நாள் முழுக்கக் கூரையைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, நேத்து விரிசல் ஃபேன் வரைக்கும்தான் இருந்துச்சு. இன்னைக்கு ஜன்னலைத் தொட்டுடுச்சு.”

“அது வெறும் பூச்சும்மா.”

“பூச்சு சொட்டுமா? படுத்தே கெடக்கறாளேன்னு என்னையும் எருவுல சேத்துட்டியா?”

இருவரும் சிரித்தோம். ஒரு வாளி கொண்டுவந்து வைத்தேன்.

அவள் விடாமல் நச்சரித்ததால் கொத்தனாரை வரவழைத்தேன். அவர் கூரையைத் தட்டிப் பார்த்தார்.

“சார், மேல யானை உக்காந்திருக்கு. இன்னைக்கே மண்ணை எறக்குங்க. முடியலன்னா இந்தம்மாவையாச்சும் வேற ரூமுக்கு மாத்துங்க.”

நல்ல மனிதர்தான், ஆனால் தோட்டம் பற்றி ஒன்றும் தெரியாதவர். பயறு அப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. ஞாயிறு வகுப்பில் அதை அறுத்துக் காட்டுவதாக அறிவித்தும் விட்டேன். தங்கையை மாற்றுவதென்றால் இருப்பது முன்னறை ஒன்று. அங்கே ஜன்னல் வெளிச்சத்தில் நானூறு நாற்றுகள். அவற்றை எங்கே தூக்கி வைப்பது? நீங்களே சொல்லுங்கள். என் நிலைமை அப்படி.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தங்கை கூப்பிட்டாள்.

“அண்ணா, என்னால எழுந்திரிக்க முடியாது. கட்டிலோட இழுத்துக் கொஞ்சம் வாசப்பக்கம் போட்டுடேன்.”

“மழை விடட்டும்மா.”

மழைக்கும் கட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு மறுபடி கூரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கூரை இறங்கியது.

விழும் என்று எனக்குத் தெரியாது என முதலில் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அடித்துவிடுங்கள். தெரியும். அன்று காலையிலேயே ஆறாவது மேட்டு ஸ்ட்ராபெர்ரிகளை ஒவ்வொன்றாக வேர்மண்ணோடு பெயர்த்துக் கீழே கொண்டுவந்துவிட்டேன். அத்தனை நடையும் அவள் அறை வாசல் வழியாகத்தான். நாற்பத்திரண்டு செடி. ஒன்றுகூட வாடவில்லை. உயிருள்ள ஒன்றை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வராது, ஐயா.