மணலா, தண்ணியா

வேணாம்க்கா, மெத்தையெல்லாம் விரிக்காதீங்க, இந்தப் பாயே போதும். கழுதை மேல வந்த இடுப்பு, மெத்தையில உக்காந்தா அப்புறம் எழுந்திரிக்காது. ஆமா, தனியாத்தான் வந்தேன், கடலோரமாவே. உங்க ஊர் காவல் கோபுரத்துல ஒருத்தன் நிக்கிறானே, எந்த ஊருன்னு கேட்டான். ருவைமான்னு சொன்னேன், துப்பாக்கியத் தூக்கிட்டான். தம்பி, நான் பொம்பளை, என் கழுதையும் பொட்டைக் கழுதை, நாங்க ரெண்டு பேரும் சேந்து உங்க ஹஃபீராவப் பிடிக்க வரலைன்னேன். சிரிச்சிட்டு விட்டுட்டான். நல்ல பயதான்.

என் பேரா? ஷம்மா. ருவைமா முஸப்பா இருக்காருல்ல, அவர் பொண்டாட்டி... அட, பாத்துக்கா, காபி கொட்டுது. ஆமா, அந்த முஸப்பாதான், தோள்ல குண்டு வாங்குனவர். ஐயோ, சாகலைக்கா, உக்காருங்க. நல்லா இருக்காரு. வாய் முன்னவிட நல்லாவே இருக்கு. வலது கைதான் தூக்க வரலை.

நான் சண்டைக்கு வரலை. சண்டைக்கு வர்றவ பேரீச்சம்பழம் கட்டிட்டு வருவாளா? பிரிச்சுப் பாருங்க, எங்க மரத்துப் பழம்.

என்ன செய்யறது, உங்க ஷேக்கு ஹுவைதினும் எங்க ஷேக்கு தலாலும் ஒரே தாத்தாவுக்குப் பேரனுங்க. பெருநாளன்னிக்கு மூக்கோட மூக்கு ஒரசி நலம் விசாரிச்சுக்குவாங்க. மறு வாரம் அந்த மணல்திட்டு உனக்கா எனக்கான்னு ஆளனுப்பிச் சுட்டுக்குவாங்க. திட்டுல என்ன இருக்குங்கிறீங்க? நண்டுகூட அங்க குடியிருக்க யோசிக்கும். படகு இழுத்துப் போட வசதியா இருக்கும், அவ்வளவுதான்.

இதுல இங்கிலீஷ்காரன் வேற. எல்லா ஷேக்கையும் கூப்பிட்டு வெச்சுக் காகிதத்துல முத்திரை வாங்கிட்டுப் போனான்ல. கடல்ல யாரும் யாரு மேலயும் கை வெக்கக் கூடாது, வெச்சா அவன் புகைக்கப்பல் பீரங்கியோட வரும். கரையிலன்னா? வெட்டிக்கங்க, குத்திக்கங்க, உங்க பாடு. அவனுக்கு என்ன, பம்பாய் அரிசி ஏத்துற கப்பல் பத்திரமாப் போய் வரணும். நமக்கும் அதுல நல்லது இல்லாம இல்லை, பொய் சொல்லக் கூடாது. எங்கப்பா காலத்துல முத்துக் குளிக்கப் போன படகு திரும்பி வந்தாத்தான் நிச்சயம். இப்ப சுறாவுக்கு மட்டும் பயந்தாப் போதும்.

ஆனா பாருங்க, கரை எங்க முடியுது, கடல் எங்க ஆரம்பிக்குதுன்னு காகிதத்துல எழுதாம விட்டுட்டான். அதுலதான் எங்க வீட்டுக்காரர் மாட்டுனாரு.

அன்னிக்கு அவரு திட்டுல படகுக்கு மீனெண்ணெய் பூசி முடிச்சுத் தண்ணியில தள்ளிக்கிட்டு இருந்தாரு. கூட எங்க ஊர் ஆளுங்க ரெண்டு பேர். என் மகன் ஹுமைத் தண்ணிப் பானை எடுக்க ஊருக்குள்ள போயிருந்தான். நான் சோறும் கருவாடும் கொண்டு போய்க்கிட்டு இருந்தேன். அப்பதான் உங்க ஊர்க்காரங்க நாலு பேர் வந்தாங்க. திட்டு எங்களுது, படகை எடுத்துட்டுப் போங்கன்னாங்க. எடுத்துட்டுத்தானே போறாரு, பேசாமப் போயிருக்கலாம்ல? இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு வாயை விட்டாரு. அந்த நாலு பேர்ல சின்னவன் ஒருத்தன். டேய், உன் தாடி முளைச்சதும் வா, அதுவரைக்கும் உங்கம்மா முந்தானைக்குள்ளயே இருன்னாரு. நான் தூரத்துல இருந்தே கேட்டேன். அவரு குரல் அப்படி, ரெண்டு ஊருக்கும் கேக்கும்.

சுட்டுட்டான்.

என் தட்டு எங்க விழுந்துச்சு, நான் எப்படி ஓடுனேன், ஒண்ணும் ஞாபகம் இல்லை. எங்க ஆளுங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம் ஓடிட்டாங்க. உங்க ஆளுங்க ஒரு பக்கம். மனுஷன் தண்ணிக்குள்ள போயிட்டாரு. சரி, அதை அப்புறம் சொல்றேன்.

நாலு நாள் காய்ச்சல் அடிச்சுச்சு. எங்க ஷேக்கு பாக்க வந்தாரு, கையில ஆட்டோட. கட்டில் பக்கத்துல உக்காந்து முதல்ல என்ன கேட்டாருங்கிறீங்க? காயம் எப்படி, வலி எப்படி, ஒண்ணும் கிடையாது. தண்ணி எவ்வளவு ஆழம் முஸப்பான்னு கேட்டாரு. இடுப்பளவுன்னாரு இவரு. ஷேக்கு முகத்தைப் பாக்கணுமே! கல்யாண மாப்பிள்ளை தோத்தான். வாசல்ல நின்னு ஆளுங்ககிட்ட, அல்லாஹ் கண்ணைத் திறந்துட்டான், ஹஃபீராக்காரன் கடல்ல சுட்டுட்டான்னு சொல்லிக்கிட்டே போனாரு. ஆடு என்னவோ நல்ல ஆடுதான். தின்னுட்டோம்.

அப்புறம் புகைக்கப்பல் வந்துச்சு. நீங்களும் பாத்திருப்பீங்க, உங்க கரைக்கு நேராத்தானே ரெண்டு நாள் நின்னுச்சு. ஆமாக்கா, ஊரே தூங்கியிருக்காது, தெரியும்.

கப்பல் துரை எங்க ஷேக்கு சபை கூட்டுற மஜ்லிஸுக்கு வந்தான். முகம் சுட்ட நண்டு மாதிரி. கூட பேச்சை மாத்திச் சொல்ல ஒரு துபாஷி, கடலுக்கு அந்தப் பக்கத்துக் கரையிலேருந்து வந்தவன், ஜலதோஷம் பிடிச்சவன். சாட்சி வேணும்னான் துரை. ஓடுன ரெண்டு பேரும் நாங்க ஒண்ணும் பாக்கலைன்னுட்டாங்க, ஓடுன ஆளுக்கு முதுகுலயா கண்ணு? அடிபட்டவர் சொல்றது மட்டும் போதாதாம். மிச்சம் யாரு? நான்தான். திரைக்குப் பின்னாடி உக்கார வெச்சாங்க. முந்தின நாளே ஷேக்கோட ஆளு வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டான். ஷம்மா, பேச்சை வளக்காத, ஒரே வார்த்தை, தண்ணின்னு சொல்லு, போதும். எனக்கு என்ன கஷ்டம்? உண்மையும் அதுதானே.

துபாஷி தும்மிட்டுக் கேட்டான், உன் புருஷன் எங்கம்மா இருந்தார்னு. வாயைத் திறந்தேன்.

அக்கா, நான் ருவைமாவுல பொறந்தவ இல்லை. எனக்குப் பொறந்த ஊரு ஸுமைரா. கேள்விப்பட்டிருப்பீங்க, இப்ப அங்க நாலு குடிசைதான். எங்க ஊர்க்காரன் எவனோ ஒருத்தன் கடல்ல ஒரு படகைக் கொள்ளையடிச்சான். யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. புகைக்கப்பல் வந்து ஆளைக் குடுன்னு கேட்டுச்சு, அந்த ஊர் ஷேக்கு குடுக்கலை. கரையில இருந்த படகு எல்லாத்தையும் கொளுத்திட்டுப் போயிட்டாங்க. எங்கண்ணன் துப்பாக்கிய எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாதவன். அவன் படகும் எரிஞ்சுச்சு. மீனெண்ணெய் குடிச்ச மரம்ல, ராத்திரி பகல் எரியும். அந்த வருஷம் எங்க ஊர்லேருந்து ஒரு ஆளும் முத்துக்குப் போகலை. எங்கண்ணி பேரீச்சங்கொட்டையை ஊற வெச்சு இடிச்சுத் தின்னா. மாட்டுக்குப் போடுவோமே, அதை. அவ வயித்துல அப்ப புள்ளை.

சரி, அதை விடுங்க.

வாயைத் திறந்தேனா, மணல்லன்னேன்.

துபாஷிக்குத் தும்மல் நின்னுபோச்சு. துரை மறுபடியும் கேக்கச் சொன்னான். நான் போய்ப் பாக்கும்போது மணல்லதான் கிடந்தாருன்னேன். அது பொய் இல்லையே. ஈர மணலா, காஞ்ச மணலான்னு கேட்டான். ரத்தத்துல நனைஞ்ச மணல், அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியலைன்னேன். எங்கே சுடப்பட்டார்னு கேட்டான். தோள்லன்னேன். யாரோ சிரிச்சாங்க. துரை முகத்தைத் துடைச்சுக்கிட்டு, இது கரை விவகாரம், எங்களுக்குச் சம்பந்தம் இல்லைன்னுட்டு எழுந்துட்டான். காபி மட்டும் மூணு கோப்பை குடிச்சிட்டுத்தான் போனான்.

அட, எதுக்குக்கா அழறீங்க? நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீங்க என்னடான்னா...

வீட்டுலதான் கூத்து. அன்னிக்கிலேருந்து எங்க மனுஷன் என்கூடப் பேசறதில்லை. எல்லாம் ஆட்டுக்குட்டிகிட்டதான். ஏ குட்டி, உங்கம்மாகிட்ட சொல்லு, சோத்துல உப்பு இல்லைன்னு. நானும் ஏ குட்டி, உங்கப்பாகிட்ட சொல்லு, உப்பு பானையில இருக்கு, இடது கை நல்லாத்தான் இருக்குன்னு. ஊர்ல போய், நான் கடல்லதான் நின்னேன், நெஞ்சளவு தண்ணின்னு சொல்லிட்டு வர்றாரு. போன வாரம் கழுத்தளவு ஆயிருக்கு. இன்னும் ரெண்டு வாரம் போனா மூழ்கியே செத்துடுவாரு பாவம்.

ஷேக்கு என்னை ஒண்ணும் செய்யலை. பொம்பளைய என்ன செய்வாரு? ஆனா ஒரு வார்த்தை விட்டுட்டாரு, முஸப்பா படகுல யாரும் ஏறக் கூடாதுன்னு. பெரிய படகு இல்லைக்கா, எங்க மச்சான் பசங்க ரெண்டு பேர், ஹுமைத், இவரு. சொந்தக்காரங்க, அவங்க வருவாங்க. ஹுமைத் முங்குவான். கால்ல கல்லைக் கட்டிக்கிட்டு கீழ போனா, மேல கயிறு பிடிக்கிறது இவருதான். ஒரு சுண்டு சுண்டுனதும் இழுக்கணும், ஒரு மூச்சு தாமதிச்சாலும்... உங்களுக்கு நான் சொல்லணுமா? இத்தனை வருஷமா அப்பன் கையிலதான் மகன் கயிறு. இப்ப அந்தக் கை தூக்க வரலை. மச்சான் பசங்க ஒருத்தன் முங்க, ஒருத்தன் கயிறு பிடிக்க, அவனுங்களே ஒரு ஜோடி. ஊர்ல வேற ஆளு கேட்டுப் பாத்தேன், எல்லாரும் ஷேக்கு வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்குறாங்க. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் படகு எல்லாம் கிளம்புது.

அதான் இங்க வந்தேன்.

அன்னிக்கு நடந்ததுல மிச்சத்தை அப்புறம் சொல்றேன்னேனே. மனுஷன் தண்ணிக்குள்ள போயிட்டாரா, எல்லாரும் ஓடிட்டாங்களா, ஒருத்தன் மட்டும் ஓடலை. சுட்டவன். துப்பாக்கியத் தூக்கித் தண்ணியில எறிஞ்சிட்டு இறங்குனான். அலையில உருண்டுக்கிட்டு இருந்தவரை அக்குள்ல கை குடுத்துப் பிடிச்சு, பின்னாடியே நடந்து, கரைக்கு இழுத்துக்கிட்டு வந்து மணல்ல போட்டான். எங்க வீட்டுக்காரரைப் பாத்ததில்லையே நீங்க, ஒட்டகக் கனம். தலைத்துண்டை அவுத்துக் காயத்துல வெச்சு அழுத்திக்கிட்டு இருந்தான். நான் போனதும் என் கையைப் பிடிச்சு அதும் மேல வெச்சான். இங்க அழுத்திப் பிடிங்கம்மா, விட்டுடாதீங்கன்னான். தூரத்துல இருந்து உங்க ஆளுங்க கானிம்னு கூப்பிட்டாங்க, அப்புறம்தான் போனான்.

துண்டைத் துவைச்சு வெச்சிருக்கேன். அந்தப் பழ மூட்டைக்கு அடியில இருக்கு.

என்னது, உங்க மகன் கானிம் சான்சிபாருக்குப் போயிட்டானா? எப்போ? அப்படியாக்கா. சரி, போயிருக்கட்டும். சான்சிபார்காரன் செருப்பு வாசல்ல ஈரமாக் கிடக்கு, அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்.

பயப்படாதீங்க. இவன்தான் சுட்டான்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. எங்க மனுஷனுக்கு முகம் தெரியும், பேரு தெரியாது. ஹுமைத்துக்கு மட்டும் சொன்னேன். கோபப்படுவான்னு நினைச்சேன். முங்குற கயித்தை எடுத்துச் சுருட்டுனான். அப்புறம், கீழ இருக்கும்போது மேல யாரு முகமும் தெரியாதும்மா, கயிறு நேரத்துக்கு இழுபட்டாப் போதும்னான்.

எனக்கும் அவ்வளவுதான்க்கா. அந்தக் கை இழுத்ததை நான் பாத்திருக்கேன். கானிமை எங்க படகுக்கு அனுப்புங்க. என் மகன் கயித்தை அவன் பிடிக்கட்டும். இந்த ஒரு சீசன். ஊருக்குள்ள வர வேண்டாம், திட்டுக்கிட்ட வந்து ஏத்திக்கிறோம். கம்பளி மட்டும் எடுத்துட்டு வரட்டும், சாப்பாடு எங்களுது.

அவரா? வருவாரே, படகு அவருதாச்சே. முகத்தைப் பாத்ததும் தெரிஞ்சுக்குவாரு. சீசன் முடியற வரைக்கும் படகோட முன்பக்க அணியத்துல உக்காந்துக்கிட்டு உங்க மகனை வைவாரு, அவன் தாடியிலேருந்து ஆரம்பிப்பாரு. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவர் பாட்டுக்கு வையட்டும். இவன் கயித்தை மட்டும் பாக்கட்டும்.